பாலத்தடியில் முப்பத்தேழு கோப்பைகள்

பண்டாத் தீவுகளில், தீமலை என்ற எரிமலையின் காலடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு அந்தி. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் நிழல் வந்து வீடுகளையும் படகுத்துறையையும் மூடிவிடும். அது மலையின் அந்தி. எதிர்க்கரையில் நெய்ரா ஊரின் தகரக் கூரைகளில் வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடக்கும். அந்த மஞ்சளும் வடிந்து வானம் சிவந்து அடங்கும்போது வருவதுதான் அல்லாஹ்வின் அந்தி. இரண்டுக்கும் நடுவே அரைமணி நேரம் இருக்கும். லா ஜுமானியின் பிழைப்பு அந்த அரைமணிக்குள் இருந்தது.

பாத்திக் மீன் வெளியே வருவது அப்போதுதான். சுண்டுவிரல் நீளம்கூட இராது. நீல உடம்பில் ஆரஞ்சும் பச்சையுமாக வளைந்து வளைந்து கோடு. துணியில் மெழுகு வைத்துச் சாயம் தோய்த்ததுபோல இருப்பதால் அந்தப் பெயர். பகல் முழுக்க உடைந்த பவளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். மலையின் நிழல் விழுந்ததும் ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். அதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ மனிதர்கள் கப்பலேறி வந்து, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, ஜுமானி வீட்டுக்குப் பின்னால் கடலுக்குள் நீளும் மரப்பாலத்துக்கு அடியில் ஆடாமல் அசையாமல் கிடப்பார்கள்.

கூட்டிப்போய்க் காட்டுவது ஜுமானி. ஆனால் முடிவுவரை அவர் இருப்பதில்லை. அந்தக் கரையின் சின்னப் பள்ளிவாசலுக்கு அவர்தான் மோதினார். அந்தித் தொழுகையான மஃரிபுக்கு முரசடித்துப் பாங்கு சொல்ல வேண்டியவர் கடலுக்கடியில் இருந்தால் எப்படி? மீன்களில் ஆணும் பெண்ணும் சோடி சேர்ந்து, வயிற்றோடு வயிறு ஒட்டி, ஒரு முழம் மேலே எழும்பும் நேரம் சரியாகப் பாங்கு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னேதான் வரும். அதற்குள் அவர் விருந்தாளிகளைக் கூட்டாளி ஒத்னியலிடம் ஒப்படைத்துவிட்டு மேலே ஏறிவிடுவார்.

"அண்ணே, பந்தியில எலை போட்டு, சோறு வெச்சு, கறி ஊத்துற நேரம் பார்த்து எழுந்து போற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்பான் ஒத்னியல். அவன் அம்போன் பக்கத்துக் கிறிஸ்தவன்.

"எனக்கு அந்தப் பந்தியில எழுதல, தம்பி. நீ சாப்பிட்டுட்டு ருசியைச் சொல்லு."

பத்தொன்பது வருஷமாக ருசியைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

அவருடைய வாப்பா பூத்தோன் தீவிலிருந்து பாய்மரத்தில் வந்து இந்தக் கரையில் மரவள்ளி நட்டவர். ஜுமானிக்குப் பள்ளிக்கூடம் நாலு வருஷம். பிறகு தூண்டிலும் துடுப்பும். நூருவைக் கல்யாணம் செய்து இரண்டாவது மாதம் மலை வெடித்தது. எல்லோரும் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு படகில் குதித்தார்கள். ஒருவர் கோழியை, ஒருவர் தையல் மெஷினை. நூரு எடுத்தது ஆறு கோப்பைகள். கல்யாணத்துக்கு வந்தவை, வெள்ளைப் பீங்கான், வாயோரம் ஒரு நீலக்கோடு. அலை தூக்கிப் போட்டபோதெல்லாம் அவற்றை மடியில் வைத்துக் குனிந்து கொண்டாள். சாம்பல் தலைமேல் கொட்டியது. ஒரு கோப்பைகூட உடையவில்லை.

மலையின் வடக்கே தீக்குழம்பு கடலில் இறங்கி அங்கிருந்த பவளத்தையெல்லாம் சுட்டுப் பொசுக்கிவிட்டது. "இனி அந்தப் பக்கம் மீனே இல்ல" என்றார்கள். சில வருஷம் கழித்து ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து தண்ணீருக்கடியில் பார்க்க வேண்டும் என்றார். படகு ஓட்டப் போன ஜுமானியையும் இறங்கச் சொன்னார். இறங்கிய ஜுமானி வியப்பில் வாயில் கடித்திருந்த குழாயை நழுவவிடப் பார்த்தார். கறுத்த பாறைமேல் பவளம் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்கு நடுவே கிளிமீன் கூட்டம் பவளத்தைக் கொறிக்கும் சத்தம், வறுத்த கெனாரிக் கொட்டையைக் கடிப்பதுபோல. சுட்டவனே நட்டும் வைத்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்குப் பிறகு தூண்டிலை அவர் தொடவில்லை. விலாங்கு எந்தப் பொந்தில், சுத்தியல்தலைச் சுறா எந்த மாதத்தில், கடற்பாம்பு எப்போது மூச்செடுக்க மேலே வரும் என்பதெல்லாம் அவருக்குத் தொழுகை நேரம்போல மனப்பாடம்.

கடலிலிருந்து ஏறி வருகிறவனுக்கு வீட்டுக்காரி தன் இரண்டு கையாலும் சூடாக ஒரு கோப்பை கொடுக்க வேண்டும் என்பது ஜுமானியின் உம்மா வைத்த வழக்கம். நூரு அதை விடவேயில்லை. விருந்தாளி நடுங்கிக்கொண்டு படியேறினால், கெனாரிக் கொட்டை தூவிய காப்பியோடு அவள் நிற்பாள். பாத்திக் மீனை மறந்தவர்கள்கூட அந்தக் காப்பியை மறக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பாலத்தின் கிழக்கு மூலையில், அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு வெள்ளைக் கோப்பை கிடப்பதை ஜுமானி தண்ணீருக்கடியில் பார்த்தார். காது உடைந்திருந்தது. வாயோரம் நீலக்கோடு. பூனை தட்டிவிட்டிருக்கும் என்று நினைத்தார். அடுத்த மாதம் இரண்டாகப் பிளந்த இன்னொன்று. அப்புறம் ஒன்று. வீட்டில் பூனை இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவு வந்தது.

ஒரு காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். நூரு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் கோப்பையை ஒரு கையால் பிடித்திருந்தாள். கோப்பை தட்டில் மோதி டிக் டிக் டிக் என்று அடித்தது. மறுகையால் அந்தக் கையை அமுக்கிப் பிடித்தாள். மறுகையும் ஆடியது.

அவர் சத்தமில்லாமல் பின்வாங்கி, தெருவில் நாலு அடி நடந்து, கனைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

நூருவின் உம்மாவுக்கும் அந்த நடுக்கம் இருந்தது. கடைசிக் காலத்தில் அவர் கையால் யாரும் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. சிந்திவிடும் என்று மருமகள்களே செம்பைப் பிடுங்கிக்கொள்வார்கள். செம்பு போன கையைத் தன் மடியில் ஒளித்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருப்பதை ஜுமானியும் பார்த்திருக்கிறார். அதனால் அவர் கேட்கவில்லை. சரக்குக் கப்பல் வரும் நாட்களில் நெய்ராக் கடைக்குப் போய், அதே நீலக்கோட்டுக் கோப்பையில் இரண்டு வாங்கி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, அலமாரியின் பின்வரிசையில் செருகிவிடுவார். அலமாரி குறையவே இல்லை. "என் வூட்டுப் பாத்திரத்துல பரக்கத்து இருக்கு, கொறையவே மாட்டேங்குது" என்று நூரு அக்கம்பக்கத்தில் சொல்வதாகக் கேள்விப்பட்டார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

பாலத்தடியில் கோப்பைகள் பாசி படிந்து சேர்ந்தன. சேர்ந்த இடத்துக்குப் பாத்திக் மீன்கள் குடிவந்தன. கவிழ்ந்த கோப்பைக்குள் ஒன்று, பிளந்த கோப்பையின் நிழலில் இரண்டு. பெரிய ஆண் ஒன்று, முதுகுத் துடுப்பை ஈட்டிபோல நிமிர்த்திக்கொண்டு, முதன்முதலில் விழுந்த அந்தக் காதுடைந்த கோப்பையைத் தன் அரண்மனையாக எடுத்துக்கொண்டது. பண்டாத் தீவுகளிலேயே நல்ல இடம் அந்த மூலை என்று விருந்தாளிகள் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அவை யார் வீட்டுக் கோப்பைகள் என்று தெரிந்தவர் ஒருவர்தான்.

அந்த வருஷம் மௌலிது விழாவுக்கு முன்னால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஊர்த்தலைவர் லா தஹாரி எழுந்து நின்றார்.

"சுத்தம் ஈமான்ல பாதி, நம்ம மார்க்க நம்பிக்கையிலயே பாதி. பள்ளிவாசலுக்குப் பக்கத்துலயே பாலத்துக்கடியில டயரும் தகரமும் பீங்கானும் கெடக்கு. வெள்ளைக்காரன் போட்டோ எடுத்துட்டுப் போறான். ஞாயித்துக்கெழமை ஊரே சேர்ந்து அள்ளிப்புடணும். மோதினார் முதல்ல எறங்கட்டும்."

ஜுமானி எழுந்தார். "தலைவரே, கெழக்கு மூலையை மட்டும் விட்டுடலாமே. அங்க மீன் குடியிருக்கு."

"மீனுக்குக் கடல் முழுக்க எடமிருக்கு மோதினாரே! அந்த மூலையிலதான் பீங்கான் அதிகமாம். யார் வூட்டுதுன்னு தெரியல, கையில எண்ணெய் தடவிக்கிட்டுப் பாத்திரம் கழுவுவாங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். யார் வீட்டுது என்று சொன்னால்தான் அந்த மூலைக்காக மல்லுக்கு நிற்க முடியும். அதைச் சொல்ல அவரால் ஆகாது. உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மேற்கு மூலையிலிருந்து தொடங்கினார். ஒரு டயருக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பொழுதை ஓட்டிவிட்டால் கிழக்கு மூலை தப்பித்துவிடும் என்று கணக்கு. அஸர் தொழுகை நேரம் வந்தது. பாங்கு சொல்ல மேலே ஏறினார். தொழுகை முடித்து அவசரமாகத் திரும்பி வந்தால், பாலத்தின் பலகைமேல் கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒத்னியலும் இரண்டு பேரும் அள்ளிப்போட்டு, பாசி போக அலசி வேறு வைத்திருந்தார்கள்.

"அண்ணே, உங்க வேலையையும் சேர்த்து முடிச்சிட்டோம்" என்று பல்லைக் காட்டினான் ஒத்னியல். அவனுக்கு ஒன்றும் தெரியாது. "முப்பத்தேழு! ஒரு காப்பிக்கடையே முங்கியிருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, நூரு வந்துவிட்டாள். வேலை செய்தவர்களுக்குக் காப்பி. தட்டில் எட்டுக் கோப்பைகள், வெள்ளைப் பீங்கான், வாயோரம் நீலக்கோடு.

நின்றவர்கள் தட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு மீன் காயப்போடுகிற ஹம்சினா மட்டும், கெட்ட எண்ணத்தோடு அல்ல, வாய் சும்மா இராமல், "அடியே நூரு, ஒன் பரக்கத்து எல்லாம் இங்கதான் எறங்கிக் கெடந்துச்சா?" என்றாள்.

சிரிப்பு பொங்கியது. தட்டு ஆடியது. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதி டிக் டிக் டிக் என்றன. அந்தச் சத்தத்தில் சிரிப்பு தானாக நின்றுபோனது. அது சிரிப்பைவிடக் கொடுமையாக இருந்தது. நூரு தட்டைப் பலகைமேல் வைத்தாள். கைகளை முக்காட்டுத் துணிக்குள் இழுத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாளிலிருந்து படியேறி வந்தவர்களுக்குக் காப்பி இல்லை. கேட்டவர்களுக்கு "தலைவலி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஜுமானிக்குச் சோறு அடுப்படியில் மூடி வைத்திருக்கும். அவள் கையால் நீட்டுவதில்லை. கேட்டால், "எடுத்துப் போட்டுக்குங்க, ஹஸ்னி வாப்பா" என்பாள். ஹஸ்னி அவர்களுடைய ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடம் அம்போன். நூருவின் கைகள் எந்நேரமும் மடியில், துணிக்கடியில். அவள் உம்மா உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

பாலத்தடியிலும் அப்படித்தான். மலையின் நிழல் விழுந்தது, மீன் வரவில்லை. வெறும் மணல், துடைத்துவிட்ட தரை. இரண்டாம் நாள் ஜுமானி பெரிய ஆணைக் கண்டார். ஒரு தூணில் சுற்றிய பழங்கயிற்றின் முடிச்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகுத் துடுப்பை மடக்கி, ஒளிய இடமில்லாமல் இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. கண்ணாடிக்குள் அவர் கண் நிறைந்துவிட்டது. தண்ணீருக்கடியில் அதைத் துடைக்கவும் முடியாது.

மறுநாள் நண்பகல் தொழுது முடித்து வெகுநேரம் துஆவில் இருந்தார். யா அல்லாஹ், சுட்ட பாறையில் தோட்டம் போட்டவனே, என் வீட்டையும் பார். கேட்டு முடித்ததும் பள்ளிவாசலுக்குப் பின்னால் போனார். குப்பைப் படகுக்காகக் கட்டிவைத்த சாக்குகளில் பீங்கான் சத்தம் கேட்டதைத் தோளில் தூக்கினார். வீட்டுக்கு வந்து நூருவின் முன்னால் இறக்கினார்.

"இதை எதுக்கு இங்க கொண்டாந்தீங்க? ஊர் சிரிச்சது போதலையா?"

"நூரு, எனக்கு முன்னாடியே தெரியும். ஆறு வருஷமா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க கடலுக்கடியில ஊசி கெடந்தாலும் பாக்குற ஆளு. தெரியாமலா இருக்கும்."

"அப்போ தெரிஞ்சேதான் போட்டியா?"

"தெரியக்கூடாதுன்னுதான் போட்டேன். அப்புறம் அலமாரியில கோப்பை குறையலையேன்னு பாத்தேன். மொதல்ல மெய்யாவே அல்லாஹ் குடுக்குறான்னு நெனச்சு ரெண்டு ரக்அத் தொழுதேன்." அவள் சாக்கைப் பார்த்தாள். "மூணாவது தடவை அடியில வெலைச்சீட்டு ஒட்டியிருந்துச்சு. அல்லாஹ் நெய்ராக் கடையிலயா வாங்குவான்?"

ஜுமானி நிமிர்ந்தார். "ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லாதப்போ நான் ஏன் சொல்லணும்? நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, வந்த வழியில் அழுகையாகிவிட்டது. "இனிமே என் கையில யாரு வாங்கிக் குடிப்பா?" என்றாள். "எங்க உம்மா மாதிரி மூலையில உக்காந்திருவேனே."

"நீ போட்ட கோப்பையில எத்தனை உசுரு குடியிருந்துச்சு தெரியுமா? நீ வாழ வெச்ச கூட்டம் இப்போ போக்கிடம் இல்லாம நிக்குது. எந்திரி. திரும்பப் போடணும். நீதான் போடணும்."

"ஏமாத்துறீங்க."

"மோதினார் பொய் சொல்லுவானா?"

"ஆறு வருஷமா என்ன பண்ணீங்களாம்?"

 கேட்டுக்கொண்டே அவள் எழுந்துவிட்டாள்.

வெயில் நேரம். ஊர் பார்க்கும் நேரம். நூரு கிழக்கு மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டாள். கை ஆடியது, ஒளிக்கவில்லை. கீழே ஜுமானி முங்கி அவற்றைப் பழைய இடம் பார்த்துக் கவிழ்த்தார். லா தஹாரி வேகமாக வந்தார்.

"என்னம்மா இது? அள்ளின குப்பையைத் திரும்பக் கொட்டுறீங்க! சுத்தம் ஈமான்ல பாதின்னு..."

"பாதிதானே தலைவரே" என்றாள் நூரு. "மீதிப் பாதியில இரக்கம்னு ஒண்ணு இருக்குமே, அதுக்கும் கொஞ்சம் எடம் விடுங்க. ஒங்க வூட்டை நான் ஒரு நாளுல காலி பண்ணிப் பலகையில அடுக்கினா எங்க போய்ப் படுப்பீங்க?"

தஹாரி அவள் கையைப் பார்த்தார். கீழே கிடந்த சாக்கைப் பார்த்தார். அவர் மனசு கெட்ட மனசு இல்லை. கைலியை மடித்துக்கொண்டு குந்தி, ஒரு கோப்பையை எடுத்து அவளிடம் நீட்டினார். முப்பத்தேழாவது வரைக்கும் நீட்டினார்.

மீன் உடனே வரவில்லை. நாலு நாள், ஐந்து நாள் இல்லை. எட்டாம் நாள் ஒரு சின்னப் பெண்மீன். பதினோராம் நாள் காதுடைந்த கோப்பையின் வாயில் முதுகுத் துடுப்பு ஒன்று ஈட்டிபோல நீண்டது. ஜுமானி குழாய்க்குள்ளேயே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், குமிழியாகப் போனது.

மேலே வந்ததும் நேரே தஹாரியிடம் போனார். "தலைவரே, நாளைக்கு ஒரு வேளை மஃரிபு பாங்கை நீங்க சொல்லணும்."

"நானா? என் தொண்டையைக் கேட்டா ஆடு கத்தும்."

"கத்தட்டும். எனக்கு வூட்டுல ஒரு விருந்தாளி."

மறுநாள் அமாவாசை. கடல் நன்றாக வற்றியிருந்தது. மூலையில் நூருவுக்குக் கழுத்தளவு தண்ணீர்தான். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஏணியின் கடைசிப் படியில் நின்றாள். ஜுமானி கண்ணாடியை அவள் முகத்தில் பொருத்தி, குழாயை வாயில் வைத்தார்.

"பயமா இருக்கா?"

வாயில் குழாய் இருந்ததால் முறைத்து மட்டும் காட்டினாள். முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். அவர் பக்கத்திலேயே முகத்தை வைத்து, சிவப்புத் துணி சுற்றிய டார்ச்சைப் பிடித்தார். சிவப்பு வெளிச்சத்தை அந்த மீன்கள் பொருட்படுத்துவதில்லை.

மலையின் நிழல் விழுந்து நேரமாகியிருந்தது. அவளுடைய கோப்பைகள் மங்கலாகத் தெரிந்தன. ஒன்றின் அடியிலிருந்து நீலமும் ஆரஞ்சுமாக ஒரு துளி நகர்ந்தது. இன்னொன்று. பெரியவன் வெளியே வந்தான். அந்தரத்தில் நின்றான். நிற்கிறவனின் விசிறிபோன்ற பக்கத் துடுப்புகள் இரண்டும் ஒரு நொடிகூட ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருந்தன. அந்த நடுக்கத்தால்தான் அவன் நின்றான்.

நூரு ஏணியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தன் முன்னால் நீட்டிப் பார்த்தாள். சிவப்பு வெளிச்சத்தில் அவளுடைய ஐந்து விரல்களும் ஆடின. மீனைப் பார்த்தாள். மறுபடி விரல்களைப் பார்த்தாள். ஜுமானி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. அடியில் தன் உள்ளங்கையை மட்டும் வைத்துக்கொண்டார்.

அப்போது சின்னப் பெண்மீன் பெரியவனின் விலாவில் வந்து சாய்ந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, மிக மெதுவாக, கோப்பைகளைவிட்டு மேலே எழும்பின. ஒரு சாண், ஒரு முழம், அவர்கள் முகத்துக்குக் கிட்டத்தில். ஒரு கணம் அசையாமல் நின்றன. பிறகு புகைபோல ஏதோ சிதற, இரண்டும் மின்னி மறைந்தன.

பத்தொன்பது வருஷத்தில் ஜுமானி அதை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒத்னியல் சொன்ன ருசி எதுவும் அதற்குக் கிட்டே வரவில்லை.

பாலத்தின் தூண்கள் அதிர்ந்தன. பள்ளிவாசல் முரசு. அதன்பின் தஹாரியின் குரல், உடைந்து ஏறி, உடைந்து இறங்கி. நூருவுக்குச் சிரிப்பு வந்து உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டாள். இருமிக்கொண்டே ஏணியேறினாள்.

மறுநாள் படியேறி வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் நூரு நின்றாள். கோப்பையில் பாதிதான் ஊற்றியிருந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்குகிறவரும் இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது. கடைசியாக நின்ற ஒத்னியல், "அக்கா, எனக்கு மட்டும் ரெண்டு பாதி" என்றான்.

அடுத்த வாரம் ஒரு கோப்பை உடைந்தது. அடுப்படியிலிருந்து சத்தம் கேட்டு ஜுமானி திரும்பினார். வழக்கம்போலக் கேட்காததுபோல இருந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் நூருவே வெளியே வந்து, காது போன கோப்பையை அவரிடம் நீட்டினாள்.

"சாயங்காலம் எறங்கும்போது கொண்டுபோய் வெச்சிடுங்க. பெரியவனுக்கு ரொம்பப் பக்கத்துல வேணாம், அவன் சண்டைக்காரன்" என்றாள். "அப்புறம், கடைக்குப் போனா வெலைச்சீட்டைக் கிழிச்சுட்டுக் கொண்டாங்க."